கிணற்றடியும் கவித்துவமும்: ஆக்க மனம் பற்றிய சில நூல்கள் குறித்து ஒரு வாசகனின் கருத்துகள்

1

ஈழத்துத் தமிழ்த் திறனாய்வு, முற்போக்கு இயக்கம் எழுச்சியுற்ற காலந்தொட்டு இரு வினாக்களைப் பெரிதும் வற்புறுத்தி வந்துள்ளது. ஓர் ஆக்கம் எதனைக் கூறுகிறது என்பது ஒன்று. யாருடைய நலன் சார்ந்து கூறுகிறது என்பது மற்றொன்று. இவ்விரு வினாக்களும் நமது இலக்கிய உணர்வைக் கூர்மைப்படுத்தின என்பதில் ஐயமில்லை. ஆயின் மூன்றாவதொரு வினாவும் உண்டு. அவ்வாக்கம் எழுதியவரின் மனத்தில் எவ்வாறு உருப்பெற்றது என்பதே அது. இதனை அகநிலைவாதிகளின் பொழுதுபோக்கெனச் சிலர் ஒதுக்கினர். தெய்வ அருளின் விளைவெனக் கொண்டு வேறு சிலர் வணங்கினர். ஒதுக்குதலும் வணங்குதலும் ஆராயாமை என்னும் ஒரே முடிவுக்கே இட்டுச் சென்றன.

ஆராயாது விடப்பட்ட நிலம் தரிசாகக் கிடப்பதில்லை. இன்று நமது புத்தகக் கடைகளில் மனம், சிந்தனை, படைப்பாற்றல் என்னும் தலைப்புகளில் அடுக்கப்பட்டிருக்கும் நூல்களுட் பெரும்பாலானவை தனிமனித முன்னேற்றத்துக்கு வழிகூறுவன. காலையில் இத்தனை மணிக்கு எழுக, நாளொன்றுக்கு இத்தனை பக்கம் எழுதுக, தடைகள் யாவும் உமது மனத்திலேயே உள்ளன என அவை போதிக்கின்றன. எழுத முடியாதவன் தன்னையே நொந்துகொள்ள வேண்டும் என்பது அவற்றின் உட்பொருள். திறனாய்வாளர் கைவிட்ட வினாவுக்குச் சந்தை விடை கூறத் தொடங்கியுள்ளது. எனவே ஆக்க மனம் பற்றிப் பொறுப்புடன் எழுதப்பட்ட சில நூல்களை மீள வாசித்து, அவற்றிலிருந்து யாழ்ப்பாணத்து வாசகன் பெறக்கூடியன யாவை, அவை கூறாது விட்டன யாவை எனச் சிந்திப்பது பயனுடையதாகும். அத்தகைய ஒரு முயற்சியே இக்கட்டுரை.

2

மேலைநாட்டில் இத்துறையில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படும் நூல்களுள் ஒன்று கிரகாம் வாலஸ் 1926 இல் வெளியிட்ட 'சிந்தனைக் கலை'. ஆக்கச் சிந்தனை நான்கு படிநிலைகளைக் கொண்டதென்பது அவர் கருத்து. ஆயத்தம், அடைகாத்தல், ஒளிபெறல், சரிபார்த்தல் என அவற்றைத் தமிழிற் குறிக்கலாம். முதலிற் பிரச்சினையை எல்லாப் பக்கங்களாலும் ஆராய வேண்டும். பின்னர் அதனை விட்டு விலகியிருக்க வேண்டும். விலகியிருக்கும் வேளையில் விடை எதிர்பாராது தோன்றும். இறுதியில் அதனைச் சோதித்து ஒழுங்குபடுத்த வேண்டும். ஜேர்மன் விஞ்ஞானி ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1891 இல் தமது எழுபதாவது பிறந்தநாள் விழாவில் ஆற்றிய உரையே வாலஸின் முதல் மூன்று படிநிலைகளுக்கும் அடிப்படையாகும். வெயில் காயும் நாளில் மரங்களடர்ந்த குன்றுகளில் மெல்ல ஏறிச் செல்லும்போதே நல்ல எண்ணங்கள் தமக்குத் தோன்றின என்று அவர் அதிற் குறிப்பிட்டிருந்தார்.

இப்பகுப்பு எளிமையானது, பெரும்பாலும் உண்மையானதுங்கூட. எழுதிப் பழகியவர் எவரும் அடைகாத்தலின் இன்றியமையாமையை அறிவர். ஆனால் வாலஸ் கேளாது விட்ட வினா ஒன்றுளது. அடைகாக்கும் ஓய்வு யாருக்குக் கிடைக்கிறது? குன்றின்மேல் உலாவும் பேராசிரியரின் ஓய்வும், விடியுமுன் எழுந்து புகையிலைக் கன்றுக்கு நீர் இறைத்தவனின் ஓய்வும் ஒன்றல்ல. அவனுடைய மனத்திலும் அடைகாத்தல் நிகழ்ந்திருக்கலாம். ஏற்றப் பாட்டு அதன் விளைவே எனலாம். அது உழைப்பிலிருந்து விலகிய ஓய்விலன்றி, உழைப்பின் தாளத்துள்ளேயே பிறந்தது. உளவியல் நூல்கள் விஞ்ஞானிகளினதும் கவிஞர்களினதும் வாக்குமூலங்களையே சான்றாகக் கொள்வதால், இவ்வகை ஆக்கத்துக்கு அவற்றில் இடமில்லாது போயிற்று.

சிக்மண்ட் பிராய்ட் 1908 இல் வெளியிட்ட 'ஆக்க எழுத்தாளரும் பகற்கனவும்' என்னும் சிறு கட்டுரை வேறொரு வழியிற் செல்கிறது. குழந்தையின் விளையாட்டு, வளர்ந்தோரின் பகற்கனவு, எழுத்தாளரின் புனைவு ஆகிய மூன்றையும் அவர் ஒரே கோட்டில் வைத்து நோக்குகிறார். நிறைவேறாத விருப்பமே புனைவின் ஊற்று என்பது அவரது முடிபு. இக்கட்டுரையில் மனங்கொளத்தக்க ஓர் ஒப்புதல் உண்டு. தமது கருத்தை நிறுவுவதற்குத் திறனாய்வாளர் உயர்வாக மதிக்கும் ஆசிரியரை அவர் எடுத்துக்கொள்ளவில்லை. பெருந்தொகை வாசகரைக் கவர்ந்த எளிய கதாசிரியரையே எடுத்துக்கொள்கிறார். எத்தனை இடர் வரினும் அழியாத கதாநாயகன், அவனையே விரும்பும் பெண்கள், நல்லவர் தீயவர் எனத் தெளிவாகப் பிரிந்து நிற்கும் பாத்திரங்கள் என அவர் காட்டும் இயல்புகள் தமிழ்ச் சஞ்சிகைத் தொடர்கதைகளுக்கு மிகப் பொருந்துவன. ஆயின் கே. டானியலின் 'பஞ்சமர்' (1972) போன்றதொரு நாவலை இவ்வளவுகோலால் அளத்தல் இயலாது. அங்கு நிறைவேறாதிருப்பது தனியொருவரின் விருப்பமன்று. ஒரு சமூகத்தின் உரிமை. பகற்கனவுக் கோட்பாடு வணிக எழுத்தை விளக்குவதிற் பெறும் வெற்றியை எதிர்ப்பு எழுத்தை விளக்குவதிற் பெறவில்லை என்பதே நமது மதிப்பீடு.

3

இவ்விருவரும் விட்ட இடத்திலிருந்து தொடங்கியவர் யோர்ச் தொம்சன். கிரேக்க இலக்கிய அறிஞரான அவர் 1945 இல் வெளியிட்ட 'மார்க்சியமும் கவிதையும்' என்னும் சிறு நூலில் அயர்லாந்தின் மேற்குக் கரைக் கிராமமொன்றிற் பெற்ற அனுபவத்தை விவரிக்கிறார். ஒரு மாலைப்பொழுதில் ஊர்க் கிணற்றடியில் தமக்குப் பழக்கமான முதிய குடியானவப் பெண்ணொருத்தியை அவர் சந்திக்கிறார். வாளிகளை நிரப்பிவிட்டு அவள் கடலைப் பார்த்து நிற்கிறாள். கணவர் இறந்துவிட்டார், ஏழு புதல்வரும் அமெரிக்கா சென்றுவிட்டனர், அவர்களுள் ஒருவன் தன்னிடம் வந்துவிடுமாறு கடிதம் எழுதியிருக்கிறான். தனது வாழ்க்கையின் துன்பங்களையும் தான் கற்பனை செய்துள்ள அமெரிக்காவையும் சொல்லிக்கொண்டே வருகையில் அவளது பேச்சு தாளங்கொண்டு கவிதையாகிறது. அவள் தன்னைக் கவிஞரென எண்ணியவளல்லள், எழுத்தறிவும் இல்லாதவள். எனினும் உணர்ச்சி மேலோங்கிய கணத்தில் அவளது வாயிலிருந்து பிறந்தது கவிதையே என்கிறார் தொம்சன்.

யாழ்ப்பாணத்து வாசகருக்கு இக்காட்சி அந்நியமானதன்று. பிள்ளைகள் கடல்கடந்து சென்றுவிட, ஊரில் எஞ்சிய முதியோர் கிணற்றடியில் நின்று பேசும் பேச்சு நமது கிராமங்களில் இன்றும் கேட்பதே. நமது ஒப்பாரிகளும் இவ்வகையினவே. கவித்துவம் தனிச்சிறப்புடைய சிலரின் உடைமையென்னும் எண்ணத்தை இக்கிணற்றடி தகர்க்கிறது. சமூகம் பொதுவிற் பேணிவந்த மொழியும் தாளமும் தொடர்களும் நினைவில் இருப்பதனாலேயே ஒருவரால் தம் துயரைக் கவிதையாக்க முடிகிறது.

பேராசிரியர் க. கைலாசபதி பேமிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் இதே தொம்சனின் மேற்பார்வையில் ஆய்வு செய்தவர். அவ்வாய்வு 'தமிழ் வீரநிலைக் கவிதை' என்னும் பொருளில் 1968 இல் ஒக்ஸ்போட் வெளியீடாக ஆங்கிலத்தில் வந்தது. பாணரும் புலவரும் வாய்மொழி மரபிற் பயின்று, வாய்பாடான தொடர்களையும் அடிக்கருத்துகளையும் கைக்கொண்டு பாடியவாற்றை அந்நூல் ஆராய்கிறது. இலக்கிய வரலாற்று நூலாகவே அது பெரிதும் வாசிக்கப்பட்டுள்ளது. ஆனால் அது ஆக்க மனம் பற்றிய நூலுமாகும் என்பதே எனது கருத்து. நினைவு எவ்வாறு தொழிற்படுகிறது, மரபு தந்த தொடர் எவ்வாறு புதிய சூழலுக்கு இசைகிறது, கேட்போர் முன்னிலை பாடுவோனை எவ்வாறு இயக்குகிறது ஆகியன உளவியல் வினாக்கள் அல்லவா?

கைலாசபதி சங்கப் பாணனுக்குக் கேட்ட இவ்வினாக்களைத் தற்கால எழுத்தாளனுக்குக் கேட்கவில்லை. 'தமிழ் நாவல் இலக்கியம்' (1968), 'இலக்கியமும் திறனாய்வும்' (1972) ஆகிய நூல்களில் சமூகப் பின்னணியும் உலகநோக்கும் விரிவாக ஆராயப்படுகின்றன. எழுதும் செயல் பின்தள்ளப்படுகிறது. அக்காலச் சூழலில் உள்ளடக்கத்தை வற்புறுத்துவது வரலாற்றுத் தேவையாக இருந்தது என்பதை மறுப்பதற்கில்லை. எனினும் இவ்விடைவெளி மார்க்சியத்தின் தவிர்க்கவியலாத விளைவெனக் கொள்ளல் தவறு. ஸ்பானிய உள்நாட்டுப் போரில் 1937 இல் உயிர்நீத்த கிறிஸ்தோபர் கோட்வெல், அதே ஆண்டு வெளியான 'மாயையும் யதார்த்தமும்' என்னும் நூலில் கனவையும் கவிதையையும் ஒருங்குவைத்து ஆராய்ந்தார். சோவியத் உளவியலாளர் வைகோட்ஸ்கி, கற்பனையின் வளம் அனுபவத்தின் வளத்தையே சார்ந்துள்ளதென 1930 இல் எழுதினார். மார்க்சியர் இத்துறைக்குப் புறம்பானவரல்லர்; நாமே அவர்களை அரைகுறையாக வாசித்தோம்.

இங்கு கைலாசபதியும் கவிஞர் இ. முருகையனும் இணைந்து எழுதிய 'கவிதை நயம்' (1970) தனித்துக் குறிப்பிடத்தக்கது. கவிதை எவ்வாறு தொழிற்படுகிறது என்பதை மாணவருக்கு விளக்கும் அந்நூல், திறனாய்வாளரின் அறிவும் கவிஞரின் கைப்பழக்கமும் சேர்ந்ததன் பயன். அதே முருகையன் மஹாகவியுடன் இணைந்து 'தகனம்' என்னும் கவிதையையும் ஆக்கியுள்ளார். இரு கவிஞர் ஒரு கவிதையை எழுதியவாறு எவ்வாறு என்பது தனிமேதைக் கோட்பாட்டுக்கு நமது இலக்கியமே விடுக்கும் வினா. இருவரும் மறைந்துவிட்ட நிலையில் அதற்கு முழுமையான விடை பெறுதல் அரிது.

4

ஆக்க மனம் பற்றி ஈழத்தில் மிக விரிவாகச் சிந்தித்தவர் புங்குடுதீவைச் சேர்ந்த மு. தளையசிங்கம் (1935-1973) ஆவார். 1956 முதல் 1963 வரையான காலப்பகுதியை மதிப்பிட்ட 'ஏழாண்டு இலக்கிய வளர்ச்சி', 1970 இல் வெளிவந்த 'போர்ப்பறை', அவரது மறைவின் பின் வெளிவந்த 'மெய்யுள்' ஆகியன அவர்தம் சிந்தனையைத் தாங்கி நிற்பன. முற்போக்குத் திறனாய்வாளர் கைவிட்ட மூன்றாவது வினாவை முழு வேகத்துடன் எழுப்பியவர் அவரே. அவ்வகையில் அவருக்கு நாம் கடன்பட்டுள்ளோம்.

உபநிடதம் கூறும் ஐந்து கோசங்களையும் அவர் மனித வரலாற்றின் படிநிலைகளாக விரிக்கிறார். இன்றைய மனிதகுலம் மனோமய நிலையில் நிற்கிறது. அதன் தத்துவங்களும் கலைகளும் அந்நிலையின் எல்லைக்கு உட்பட்டன. அடுத்து விஞ்ஞானமய நிலைக்கான பாய்ச்சல் நிகழவேண்டும். அப்போது கதை, கவிதை, கட்டுரை என்னும் பிரிவுகள் கரைந்து வாழ்வே கலையாகும் என்பது அவரது வாதத்தின் சாரம். செய்யுளுக்கு எதிராக மெய்யுள் என்னும் சொல்லை அவர் ஆக்கியதும் இக்கருத்திலேயே. அரவிந்தரின் செல்வாக்கு இதில் வெளிப்படை.

இக்கோட்பாட்டை எம். ஏ. நுஃமான் முதலானோர் பொருள்முதல்வாத நோக்கில் மறுத்துள்ளனர். அம்மறுப்பின் அடிப்படையோடு எனக்கு உடன்பாடே. உற்பத்தி உறவுகளின் மாற்றத்தைப் பிரக்ஞையின் மாற்றத்துக்குப் பின்னே வைப்பது வரலாற்றைத் தலைகீழாக்குவதாகும். எழுதும் செயலை விளக்கப் புகுந்த கோட்பாடு அதனை எதிர்காலத்து ஞானநிலையொன்றிற் கரைத்துவிடுவதால், இன்று எழுதுபவனுக்கு அது தரும் விளக்கம் குறைவே. ஆயினும் தளையசிங்கத்தை அவரது கோட்பாட்டை மட்டுங்கொண்டு முடிவுகட்டுதல் நேர்மையாகாது.

நன்னீர் அரிதான புங்குடுதீவில், 1971 இல், கண்ணகையம்மன் கோயிற் கிணற்றில் நீர் அள்ளும் உரிமை மறுக்கப்பட்ட மக்களோடு நின்று அவர் போராடினார்; பொலிசாரின் தாக்குதலுக்கு உள்ளானார்; 1973 இல், நாற்பது வயதை எட்டுமுன், காலமானார். மனோமயத்தைக் கடக்க வேண்டுமெனக் கூறியவர் இறுதியில் நின்ற இடம் ஊர்க் கிணற்றடி. பிரக்ஞைப் பாய்ச்சலுக்குக் காத்திராது, தண்ணீர் என்னும் பௌதிகத் தேவைக்காக அவர் தமது உடலையே முன்வைத்தார். அவரது வாழ்வு அவரது கோட்பாட்டைத் திருத்தியது என்றே நான் கொள்கிறேன். அன்று அவரைக் கருத்துமுதல்வாதி என விமர்சித்தோருள் எத்தனைபேர் அக்கிணற்றடிக்குச் சென்றனர் என்பது நாம் நம்மையே கேட்க வேண்டிய வினா.

தொம்சனின் கிணற்றையும் தளையசிங்கத்தின் கிணற்றையும் அருகருகே வைத்து நோக்குதல் தகும். அயர்லாந்தின் முதியவளுக்குத் துயர் இருந்தது, வறுமையும் இருந்தது. ஆயினும் ஊர்க் கிணற்றில் வாளியை இறக்க அவளுக்கு எவரும் தடை விதிக்கவில்லை. பொது நீரும் பொது மொழியும் அவளுக்கு உரியனவாயிருந்தன. நமது கிணற்றடியிலோ யார் அள்ளலாம் என்பதைச் சாதி தீர்மானித்தது. யார் பேசலாம், யாருடைய பேச்சு இலக்கியமாகும் என்பவற்றையும் அதே சாதியே தீர்மானித்தது. ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் டானியலும் டொமினிக் ஜீவாவும் தம் மக்களின் பேச்சுமொழியிற் கதை எழுதியபோது 'இழிசனர் இலக்கியம்' என எழுந்த கண்டனம் அதன் வெளிப்பாடே. சமூகத்தின் பொது மொழியே கவித்துவத்தின் ஊற்று என்னும் தொம்சனின் கருத்துக்கு இது வேண்டிய திருத்தத்தைத் தருகிறது. அவ்வூற்றுக்கும் வேலி அடைக்கப்படுவதுண்டு.

5

மனம் பற்றிய நூல்களைத் தேடி மேற்கே மட்டும் செல்லவேண்டியதில்லை. தொல்காப்பியத்து மெய்ப்பாட்டியல் நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என எட்டு மெய்ப்பாடுகளைக் கூறி, ஒவ்வொன்றுக்கும் நான்கு நிலைக்களன்களை வகுக்கிறது. சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை 1885 இற் பொருளதிகாரத்தை அச்சிட்டார், புன்னாலைக்கட்டுவன் சி. கணேசையர் பின்னர் அதற்கு உரைவிளக்கக் குறிப்புகள் வரைந்தார். யாழ்ப்பாணம் இந்நூலுக்கு ஆற்றிய பணி பெரிது. எனினும் பண்டிதர் மரபு அதனை இலக்கணமாகவே போற்றியது. நவீன திறனாய்வோ அதனைப் பண்டிதரிடமே விட்டுவிட்டது.

நிலைக்களன்களை உற்றுநோக்கின் வியப்பான உண்மையொன்று புலப்படும். அழுகைக்குரியனவாக இளிவு, இழவு, அசைவு என்பவற்றோடு வறுமையும் கூறப்படுகிறது. பெருமிதத்தின் களன்களுள் கல்வி முதலிடம் பெறுகிறது. வெகுளிக்குரியனவற்றுட் குடியை நலிவித்தலும் கொலையும் அடங்குகின்றன. அச்சத்தின் களன்கள் அணங்கு, விலங்கு, கள்வர், இறை என நான்கு. தெய்வத்துக்கும் கொடுவிலங்குக்கும் கள்வருக்கும் அடுத்து, தன்னை ஆள்பவரும் அஞ்சப்படுவோர் வரிசையில் வைக்கப்பட்டுள்ளார். உணர்ச்சி அகத்தே நிகழினும் அதன் களன் புறத்தே உள்ளது. அப்புறம் பெரும்பாலும் சமூகமே என்பது இப்பகுப்பினாற் பெறப்படும். இலக்கணகாரர் நவீன கருத்தொன்றை முன்கூட்டியே அறிந்திருந்தார் எனப் பெருமை பேசுவது எனது நோக்கமன்று. மெய்ப்பாடு, நிலைக்களன் என்னும் இரு சொற்களும் அகத்தையும் புறத்தையும் பிரிக்காது பேசுவதற்கு நமக்கு உதவும் என்பதே நான் கூற விழைவது.

6

இறை என்னும் அந்நான்காவது களன் பிற்கால யாழ்ப்பாணத்தில் எத்துணை விரிந்ததென்பதை விளக்கவேண்டியதில்லை. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. வைகோட்ஸ்கி கூறியவாறு கற்பனை அனுபவச் சேமிப்பிலிருந்து பிறப்பதாயின், ஒரு சமூகத்தின் சேமிப்பே அங்கு தீக்கிரையாயிற்று. அடுத்த ஆண்டுகளில் அரச படைகள், இந்தியப் படை, இயக்கங்கள் என ஆள்வோர் பலராயினர். எவருக்கு அஞ்சி எதனை எழுதாது விடுவது என்பதே எழுத்தாளரின் அன்றாடக் கணக்காயிற்று.

இக்காலத்து மனம் பற்றித் தமிழில் வெளிவந்த நூல்களுள் உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரத்தின் 'மனவடு' (1993) முதன்மையானது. அதனைத் தொடர்ந்து அவரது ஆங்கில நூலொன்றும் 1998 இல் வெளிவந்தது. இவை இலக்கியம் பற்றியன அல்ல. எனினும் போருக்குள் வாழ்ந்த மனத்தில் உறக்கமின்மை, மீளமீள எழும் நினைவுகள், உணர்ச்சி மரத்தல் ஆகியன எவ்வாறு தோன்றுகின்றன என்பதை அறிய இவை வழிசெய்கின்றன. கூட்டு உளவடு பற்றிய அவரது பிற்காலக் கட்டுரைகள், மௌனமும் பின்னொதுங்குதலும் எவ்வாறு ஒரு சமூகத்தின் பிழைக்கும் வழிகளாகின்றன எனக் காட்டுகின்றன. 'எழுத்தாளர் ஏன் எழுதவில்லை?' என்று கேட்கும் திறனாய்வாளர் இவற்றைக் கட்டாயம் வாசித்தல் வேண்டும். எழுதாமைக்கும் வரலாறு உண்டு.

பெண்ணொருத்தி எழுதுவதற்குப் பணமும் தனக்கெனோர் அறையும் வேண்டுமென வேர்ஜினியா வூல்ஃப் 1929 இல் வாதிட்டார். யாழ்ப்பாணச் சூழலில் அவ்வாதத்தை விரித்தல் வேண்டும். டொமினிக் ஜீவாவுக்கு அவர் தொழில் செய்த முடிதிருத்தும் நிலையமே அறையாயிற்று. 1966 இல் அவர் தொடங்கிய 'மல்லிகை' பல ஆண்டுகள் அங்கிருந்தே வளர்ந்தது. வாடிக்கையாளரின் உரையாடலே அவரது ஆயத்தநிலை எனலாம். ஆனால் 'சொல்லாத சேதிகள்' (1986) தொகுப்பின் வழி அறிமுகமான பெண் கவிஞர் தலைமுறையின் அனுபவம் வேறு. பல்கலைக்கழக மாணவியாயிருந்த சிவரமணி 1991 இல் தம்மிடமிருந்த கவிதைகளை எரித்துவிட்டுத் தம் வாழ்வையும் முடித்துக்கொண்டார். அதற்கான காரணங்களை ஒற்றை வரியிற் கூறுதல் அவருக்கு இழைக்கும் அநீதியாகும். அவருக்கு ஆற்றல் இருந்தது, மொழி இருந்தது. அறிவு சுதந்திரமாக மூச்சுவிடக்கூடிய பொதுவெளி இருக்கவில்லை என்பதை மட்டும் உறுதியாகக் கூறலாம். நான்கு படிநிலைகளோ பகற்கனவோ கோசங்களோ அவ்வெரிந்த தாள்களை விளக்கப் போதா.

7

தொகுத்து நோக்கின், மேற்கூறிய நூல்கள் ஒவ்வொன்றும் ஒரு பக்கத்து உண்மையைத் தருகின்றன. வாலஸ் செயலின் ஒழுங்கைக் காட்டினார். பிராய்ட் விருப்பத்தின் ஆற்றலைக் காட்டினார். தொம்சனும் கைலாசபதியும் பொது மரபின் பங்கைத் தெளிவுபடுத்தினர். தளையசிங்கம் மனிதனின் முழுமை பற்றிய வேட்கையை முன்வைத்தார். அச்சத்தையும் மறுப்பையும் ஆக்க மனத்தின் நிலைக்களன்களாக வைத்து எழுதப்பட்ட நூல் நம்மிடம் இன்னும் இல்லை. அதனை எழுதுவதற்கான சான்றுகள் உலகில் வேறெங்கும் தேடவேண்டாதபடி இங்கேயே உள்ளன.

அதற்கு முன்னோடியாகச் செய்யத்தக்க பணிகள் சில உள. மூத்த எழுத்தாளர்களின் கையெழுத்துப் படிகள், அடித்தல் திருத்தல்களோடு கூடிய வரைவுகள், நாட்குறிப்புகள், கடிதங்கள் ஆகியன வீடுகளிற் செல்லரித்துக் கிடக்கின்றன. அவை பேணப்படல் வேண்டும். 2005 இல் தொடங்கப்பெற்ற நூலகம் எண்ணிம நூலகம் அச்சேறியவற்றைக் காத்து வருதல் போல, அச்சேறாதவற்றையும் காக்கும் முயற்சிகள் பெருக வேண்டும். எழுதுவோரிடம் என்ன எழுதினீர் என்று கேட்பதோடு நில்லாது எப்போது, எங்கே, எவரறிய, எவரறியாது எழுதினீர் என்றும் கேட்டுப் பதிவுசெய்தல் வேண்டும். எழுதாது விட்டவரையும் கேட்டல் வேண்டும். இலக்கியமும் உளவியலும் சமூகவியலும் பயிலும் மாணவர் ஒன்றுகூடிச் செய்யவேண்டிய பணி இது.

தடைகள் யாவும் உமது மனத்திலேயே உள்ளன என்று கூறும் சந்தை நூலுக்கு நாம் அளிக்கக்கூடிய தக்க மறுமொழி அத்தகைய ஆய்வே. தடைகளுட் சில மனத்தில் உள்ளன என்பது மெய். அவற்றை அங்கு வைத்தவர் யாவர் என்பதையும் வாசகன் அறிதல் வேண்டும்.